பையில் மீந்த பூங்கிழங்குகள்

வெங்காயத்துக்கு அரபியில் 'பஸல்' என்று பெயர். திருமறையில் ஒரே ஓரிடத்தில், ஒரே வகை உணவை உண்டு சலித்த இஸ்ராயீலின் மக்கள் கேட்ட பொருள்களின் வரிசையில், அச்சொல் வருகிறது. அதன் ஒருமை வடிவாகிய 'பஸலா' என்பது பூச்செடிகளின் கிழங்கையும் குறிக்கும். பாரசீகத்தில் வெங்காயம் 'பியாஸ்'. துலிப் மலரின் கிழங்கும் பியாஸே. துருக்கி மொழியில் வெங்காயம் 'ஸோவான்'. துலிப் கிழங்கு 'லாலே ஸோவானி'. இம்மலரை நெடுங்காலமாகப் போற்றி வளர்த்த மக்கள், மண்ணுக்கடியில் அதன் உருண்டையைக் கண்டபோது வேறு பெயர் தேடி அலையவில்லை. தமிழில் பாடநூல்கள் 'குமிழம்' என்று எழுதுகின்றன. கிழங்கு வேறு, குமிழம் வேறு என்பது தாவரநூலார் கணக்கு. நாம் இங்கே வழக்கிலுள்ள 'கிழங்கு' என்ற சொல்லையே கையாளுகிறோம். ஆயினும் வாசகர்கள் மனத்தில் வெங்காயத்தை நிறுத்திக்கொள்வது நல்லது. விதை என்று நினைப்பவர் அதைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார். வெங்காயம் என்று அறிந்தவருக்கு, இது எத்தனை மாதம் தாங்கும் என்ற கவலை வந்துவிடும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஸ்ரீநகரில் ஒரு வீட்டில் இந்த வேறுபாடே பெரிய கேள்வியாக நின்றது.

தேவ்பந்தில் நம்மோடு ஓதிய காஷ்மீர் நண்பர் ஒருவரின் தந்தையார் அவ்வாண்டு நவம்பரில், ஜமாதுல் அவ்வல் பிறை பிறந்த சில நாள்களில், மௌத்தானார்கள். அப்போது மதரஸாவில் தேர்வுக்காலம். ஆதலால் ஒரு மாதம் கழித்தே நாம் தஃஸியத்துக்காகப் புறப்பட முடிந்தது. போய்ச் சேர்ந்த நாளில் 'சில்லையே கலான்' தொடங்கிவிட்டிருந்தது. டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையுள்ள நாற்பது நாள் கடுங்குளிருக்குக் காஷ்மீரத்தார் இட்ட பெயர் அது. நாற்பது என்ற பாரசீகச் சொல்லே அதில் ஒளிந்திருக்கிறது. சூஃபிகள் தனித்திருக்கும் 'சில்லா'வும் அதே நாற்பதுதான்.

மர்ஹூம் அவர்கள் அக்ரூட் மரத்தில் பூவேலை செய்யும் கைவினைஞர். மகனைப் பார்க்கத் தேவ்பந்துக்கு வரும்போதெல்லாம் நம் அறையிலிருந்த அனைவருக்கும் ஒரு துணிப்பை நிறைய அக்ரூட் கொண்டுவருவார்கள். 2011 ஏப்ரலில் முதன்முறையாக அவர்கள் வீட்டுக்கு நாம் சென்றோம். ஸபர்வான் மலையடியில், தால் ஏரியை நோக்கியவாறு 2007-இல் திறக்கப்பட்ட பெரிய துலிப் தோட்டத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். இலட்சக்கணக்கான மலர்கள் பாத்தி பாத்தியாக நிற்கும் காட்சியைப் பார்த்து நாம் வாயடைத்து நின்றபோது அவர்கள் சிரித்தார்கள். "இது நேற்று வந்தது. எங்கள் பாட்டன் காலத்து மண்கூரைகளின் மேல் லாலா தானாகவே பூத்துக் கிடக்கும்" என்றார்கள். வீடு திரும்பியதும், தம் முற்றத்தில் தெற்குச் சுவரை ஒட்டியிருந்த சிறு பாத்தியைக் காட்டினார்கள். சிவப்பும் மஞ்சளுமாக ஐம்பது பூக்கள் இருக்கலாம்.

அன்று மாலை அந்தப் பாத்தியோரம் அமர்ந்து அவர்கள் சொன்ன கணக்கொன்று அரபி படித்த நமக்கே புதிதாயிருந்தது. 'லாலா' என்பதை எழுதும்போது லாம், அலிஃப், லாம், ஹே என நான்கு எழுத்துகள் வரும். அப்ஜத் கணக்கில் லாம் முப்பது, அலிஃப் ஒன்று, மீண்டும் லாம் முப்பது, ஹே ஐந்து, ஆக 66. 'அல்லாஹ்' என்னும் திருநாமத்திலும் இதே எழுத்துகள்தாம். ஆகவே அதே 66. பிறையைக் குறிக்கும் 'ஹிலால்' என்பதும் அதுவே. உதுமானியத் துருக்கியர் இம்மலரைப் பள்ளிவாசல் ஓடுகளிலும் கையெழுத்துச் சுவடிகளிலும் விரும்பித் தீட்டியமைக்கு இந்த எண்ணொற்றுமையையும் ஒரு காரணமாகச் சொல்வர். எண் கணக்கில் மார்க்கம் தேடுவதில் நமக்கு விருப்பமில்லை. எனினும் ஒரு மரச்சிற்பி தம் உளியால் ஆயிரம் முறை செதுக்கிய பூவுக்குள் இப்படியொரு கணக்கை வைத்துக்கொண்டு வேலை செய்தார் என்பது நம் மனத்தைத் தொட்டது.

இம்மலர் பயணம் செய்த வழியும் விந்தையானதே. பாபர் தம் நூலில் காபூல் மலைச்சாரலில் முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வகை லாலாக்களை எண்ணியதாக எழுதியுள்ளார். 'துலிப்' என்ற பெயரே தலைப்பாகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். துருக்கியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கிழங்குகள், குளூசியஸ் என்ற அறிஞர் கையால் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் 1593-இல் நடப்பட்டு, மறு ஆண்டு பூத்தன. நாற்பது ஆண்டுகளுக்குள் அந்நாட்டார் மண்ணுக்குள் உறங்கும் கிழங்கைக் கண்ணால் காணாமலேயே தாளில் எழுதி விற்கவும் வாங்கவும் தொடங்கினர். 1637 பிப்ரவரியில் அந்த விலைகள் சரிந்தன. கைக்கு வராத பொருளை விற்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் ஏன் தடுத்தன என்று மாணவர்களுக்கு விளக்கும்போது நாம் இதையே எடுத்துக்காட்டுவதுண்டு. துருக்கியிலும் அந்த மோகம் ஓயவில்லை. 1718 முதல் 1730 வரையிலான காலத்துக்கே 'லாலே காலம்' என்று பெயர் வந்துவிட்டது. ஒரு கலகம் எழுந்துதான் அது முடிந்தது. இன்று ஸ்ரீநகர்த் தோட்டத்துக்கான கிழங்குகள் ஹாலந்திலிருந்து வருகின்றன. காபூலுக்கும் காஷ்மீருக்கும் உறவான மலர், உலகைச் சுற்றிவிட்டு அட்டைப்பெட்டியில் திரும்பி வருகிறது.

மர்ஹூம் அவர்கள் அக்டோபரில் வாங்கியவையும் அத்தகைய கிழங்குகளே. நவம்பர் தொடக்கத்தில் பாதியை நட்டிருக்கிறார்கள். மீதியை நடுவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது. ஜனாஸா நாளில் வீட்டை ஒழுங்குபடுத்தியவர்கள் திண்ணையில் கிடந்த அந்தத் தாள்பையை எடுத்து, மாடியறையில் ஆப்பிள் பெட்டிகளின் மேல் வைத்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து நண்பரின் மகள் ஆப்பிள் எடுக்கப் போனபோது அது கண்ணில் பட்டது.

நண்பரின் தாயாரை நாம் அந்நாள் முதல் 'அம்மீ' என்றே அழைத்து வருகிறோம். அவர்கள் இத்தாவில் இருந்தார்கள். கணவரை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் என்பது வாசகர்கள் அறிந்ததே. திரைக்குப் பின்னிருந்தே நம்மிடம் பேசினார்கள். பை கிடைத்த செய்தி கேட்டதும் அவர்கள் சொன்னது இதுதான்: "அவர் கை பட்ட பொருள். யாரும் தொட வேண்டாம். என் இத்தா முடியட்டும். அடுத்த இலையுதிர் காலத்தில் நானே என் கையால் நடுகிறேன்."

நண்பருக்கு இதில் மறுப்பில்லை. பத்து மாதந்தானே, இருக்கட்டும் என்றார். கேட்ட அளவில் யாருக்கும் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் பெரம்பலூர்ப் பக்கத்தில், சின்ன வெங்காயம் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர்கள் நாம். விதைக்கென்று பட்டறையில் வைத்த காய், பருவம் தவறினால் என்ன ஆகும் என்று சிறு வயதிலேயே கண்டிருக்கிறோம். முளை விட்டுத் தன்னைத் தானே தின்றுவிடும். அல்லது அழுகிப் பக்கத்திலுள்ளவற்றையும் கெடுக்கும். லாலாவும் பஸலாதானே என்ற ஐயம் நமக்கு எழுந்தது. அடுத்த வீட்டில், அரசுத் தோட்டத்தில் மாலியாக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். நம் ஊரைப் போலவே அங்கும் அவரைச் 'சாச்சா' என்றே அழைத்தார்கள். அவரை அழைத்து வரும்படி நண்பரிடம் சொன்னோம்.

சாச்சா ஃபிரனுக்குள் காங்கிரியை அணைத்தபடி வந்தார். முதலில் கிழங்குகளைப் பார்க்கவேயில்லை. "இது எங்கே இருந்தது?" என்று கேட்டார். ஆப்பிளோடு இருந்ததென்று சொன்னதும் முகம் சுருங்கியது. பழுக்கும் ஆப்பிளிலிருந்து எதிலீன் என்ற வாயு வெளிப்படுகிறது. அது கிழங்கின் உள்ளே இருக்கும் மொட்டைக் கருக வைத்துவிடும். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. இலை வரும், பூ வராது. தோட்டக்காரர் அதைக் குருட்டுச் செடி என்பாராம்.

பிறகு ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து அழுத்திப் பார்த்தார். கெட்டியாகவும் எடையாகவும் இருந்தவற்றை ஒரு பக்கம் வைத்தார். நெகிழ்ந்தவற்றையும், கைக்குப் பஞ்சுபோல் எடையற்றிருந்தவற்றையும் வெளியே எறியச் சொன்னார். மேற்றோல் உரிந்திருந்தாலும் குற்றமில்லை, மேலே நீலப்பூசணம் சிறிது படிந்திருந்தால் துடைத்துவிட்டு நடலாம் என்றார். ஐம்பத்து மூன்றில் பதினொன்று போயிற்று. மீந்தவை நாற்பத்திரண்டு.

"அடுத்த ஆண்டு வரை இவை இருக்குமா?" என்று நண்பர் கேட்டார்.

"மௌலவி ஸாஹிப், இது கோதுமை அன்று" என்றார் சாச்சா. "உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. சேமித்த உணவைத் தின்றுகொண்டே இருக்கிறது. வரும் கோடைக்குள் தோல்தான் மிஞ்சும்."

அப்படியானால் தோட்டத்தில் கோடை முழுதும் கிழங்கைச் சேமித்து வைக்கிறார்களே என்று நாம் கேட்டோம். அதற்கு அவர் தந்த விளக்கம் கேட்கத்தக்கது. அங்கே சேமிக்கப்படுவது பழைய கிழங்கே அன்று. லாலாவின் தாய்க்கிழங்கு ஒரு முறை பூத்ததும் கரைந்து போகிறது. அதன் இடத்தில் இளங்கிழங்குகள் பிறக்கின்றன. இலை பழுத்து மடியும் வரை அவை உணவு சேர்க்கும். கோடையில் அவற்றைத் தோண்டி உலர்த்தி வைக்கும்போது, வெளியே உறக்கம், உள்ளே வேலை: அடுத்த வசந்தத்தின் பூ அந்த மாதங்களில்தான் கிழங்குக்குள் உருவாகிறது. இலையுதிர் காலத்தில் நட்டதும் வேர் ஓடும். பின்னர் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் வரை குளிர் வேண்டும். அந்தக் குளிர் கிட்டாவிட்டால் தண்டு நீளாது. ஆக, ஒரு கிழங்குக்கு இருப்பது ஒரே குளிர்காலம். அதை மண்ணில் கழித்தால் பூ. பையில் கழித்தால் சருகு.

இதை அம்மீயிடம் யார் சொல்வது? நண்பர் தயங்கினார். துக்கத்தில் இருப்பவர்கள் விருப்பத்தில் குறுக்கிடலாகாது, அவர்கள் அறியாமலே போகட்டும், அடுத்த ஆண்டு வேறு கிழங்குகளை வாங்கி அதே பையில் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு யோசனை சொன்னார். அன்பினால் பிறந்த யோசனைதான். ஆனாலும் நமக்கு உடன்பாடில்லை. அவர்கள் பேணிக் காக்க விரும்பியதோ கணவரின் கை பட்ட பொருளை. அதன் இடத்தில் வேறொன்றை வைப்பது அமானிதத்தை மாற்றிவைப்பது ஆகாதா? உண்மையைச் சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடமே விடுவதே முறை என்று சொன்னோம்.

சாச்சா பேசவில்லை. நல்ல கிழங்கொன்றை எடுத்து, நுனியிலிருந்து அடிவரை கத்தியால் இரண்டாகப் பிளந்தார். ஒரு பீங்கான் தட்டில் வைத்து, பேத்தியின் கையில் கொடுத்துத் திரைக்குள் அனுப்பினார். அதை நாமும் எட்டிப் பார்த்தோம். வெங்காயம்போல் அடுக்கடுக்கான வெண்ணிறச் செதில்கள்; நடுவே மஞ்சள் கலந்த பச்சையில் ஒரு சிறு குருத்து; அதனுள் மடிந்த இலைகளுக்கிடையே, நெல்லளவில், இதழ்களும் மகரந்தப் பைகளும் கொண்ட முழு மலர். இன்னும் மண்ணையே காணாத மலர்.

உள்ளே நெடுநேரம் ஓசையில்லை. பிறகு பேத்தியின் குரல் கேட்டது: "தாதீ, இதைச் சமைக்கலாமா?"

சிறுமி விளையாட்டாகக் கேட்டாள். ஆனால் அக்கேள்வியை ஒரு நாடே கேட்ட காலம் உண்டு. 1944-இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த மேற்கு ஹாலந்துக்கு உணவு வரத்து நின்றது. அந்தக் குளிர்காலப் பட்டினியில் ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தனர். போரினால் நடப்படாமல் கிடங்குகளில் மீந்து கிடந்த துலிப் கிழங்குகளை அரசு உணவாக விற்க அனுமதித்தது. நடுக்குருத்தை அகற்றிவிட்டுச் சமைக்க வேண்டும் என்று செய்முறையும் வெளியிட்டார்கள். அதாவது பூவை எடுத்தெறிந்துவிட்டு, பூவுக்காகச் சேர்த்து வைத்த உணவை மனிதர் உண்டனர். நர்கிஸ் கிழங்கை மட்டும் எக்காலத்திலும் உண்ணலாகாது. வெங்காயம் என்று மயங்கி உண்டவர்களை அது நோய்ப்படுத்தும்.

அம்மீ பேத்திக்கு என்ன சொன்னார்கள் என்று நமக்குக் கேட்கவில்லை. சற்றுக் கழித்துத் தட்டு வெளியே வந்தது. ஒரு பாதிக் கிழங்குதான் அதில் இருந்தது. மற்றப் பாதியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். "மகனே, முற்றத்தில் நீங்கள் நடுங்கள். பத்துக் கிழங்கு எனக்குத் தாருங்கள். மண்ணும் தொட்டியும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள்" என்று குரல் வந்தது.

மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட இயலுமாயின் நட்டுவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸை நண்பர் அப்போது நினைவுகூர்ந்தார். அதில் வரும் 'ஃபஸீலா' என்ற சொல் விதையிலிருந்து முளைத்த நாற்றைக் குறிப்பதன்று. தாய்ப் பேரீச்சையின் அடியிலிருந்து பிரித்தெடுத்த பக்கக் கன்று அது. பிரித்தெடுத்த பின் காத்திருக்க அதற்கும் நேரமில்லை. பாடத்தில் பலமுறை கடந்து வந்த சொல்லை அன்று நாங்கள் இருவரும் புதிதாகப் படித்தோம்.

நடுவது எளிதாயில்லை. அந்த ஆண்டு சில்லையே கலானில் வானம் வறண்டிருந்தது. இரவில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே நான்கைந்து பாகை இறங்கியும் பனி பெய்யவில்லை. பனி மண்ணுக்குப் போர்வை என்பதை நாம் அங்கேதான் உணர்ந்தோம். போர்வையற்ற மண் மேலே கல்லாக உறைந்திருந்தது. தெற்குச் சுவரோரம் நண்பகல் வெயில் பட்டு இளகும் நேரம் பார்த்து, சாச்சா கடப்பாரையால் மேலோட்டை உடைத்தார். அடியில் மண் மென்மையாகவே இருந்தது. அரை அடிக் குழி. கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று பங்கு ஆழம் என்பது கணக்கு. கூர்நுனி மேலே, இரு கிழங்குகளுக்கிடையே நான்கு விரற்கடைக்கு மேல் இடைவெளி. மூடியபின் வைக்கோல் பரப்பினோம். முப்பத்தொரு கிழங்குகளுக்கு இரண்டு நண்பகல்கள் ஆயின.

அம்மீயின் பத்தும் இரண்டு மண்தொட்டிகளில் அடங்கின. அவற்றுக்கு வேறு சட்டம். அடுப்பறையின் கதகதப்பில் வைத்தால் குளிர்க்கணக்கு நிறைவேறாது. வெட்டவெளியில் வைத்தாலோ தொட்டி நாற்புறமும் உறைந்து வேர் அழியும். ஆகவே நெருப்பில்லாத விறகுக் கொட்டகையில், சுவரை ஒட்டி, கோணி சுற்றி வைத்தோம். மண் காயாத அளவுக்கு எப்போதாவது சிறிது நீர் போதும்.

விடைபெறும்போது நமக்கும் சில கிழங்குகள் தரலாமா என்று நண்பர் கேட்டார். மூன்று மாதம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சித்திரை வெயில் வந்துவிடும். எங்கள் ஊரில் அது நடுவதற்குரிய மாதமன்று என்று சொல்லி மறுத்துவிட்டோம்.

பிப்ரவரி பிறந்த வாக்கில் அங்கே பனி பெய்ததாகச் செய்தி வந்தது. ரமளான் நடுவில் அம்மீயின் இத்தா நிறைவுற்றது. மார்ச் இறுதியில் மர்ஹூம் நட்ட பாதி பூத்தது. மீந்தவை பின்தங்கியே வந்தன. பெருநாள் கழிந்து இரண்டாம் வாரத்தில் நண்பர் தொலைபேசியில் படம் அனுப்பினார். தண்டு குட்டை, ஆனால் நிறத்தில் குறைவில்லை. பாத்தியில் இருபது பூத்திருந்தன. மற்றவற்றில் இலை மட்டும். ஆப்பிளின் வேலை. தொட்டிகளில் ஏழு. பூ வராத செடிகளைப் பிடுங்க அம்மீ விடவில்லையாம். அது சரியென்றே சாச்சாவும் சொன்னாராம்: இலை இருந்தால் அடியில் கிழங்கு பெருக்கும்.

பூ உதிர்ந்ததும் தலையை மட்டும் கிள்ளிவிட்டு, இலைகள் மஞ்சளாகும் வரை ஆறு வாரம் பொறுத்திருந்தார்கள். ஜூனில் தோண்டியபோது, சிறியதும் பெரியதுமாக, நட்டதைவிடக் கூடுதலாகவே கிடைத்தனவாம். சிறியவை பூக்க இன்னும் ஓரிரு ஆண்டு ஆகும். இம்முறை அவற்றை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. பெரம்பலூரில் வெங்காயப் பட்டறை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டு அம்மீ எழுதச் சொல்லியிருந்தார்கள். தரையில் படாமல் கற்களின் மேல் மூங்கில் பரப்பி, நாற்புறமும் காற்று நுழையும்படி தட்டி வைத்து, மேலே கீற்று வேய்வது வழக்கம். ஈரமும் வெயிலும் ஆகா. வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து அழுகியதை அகற்ற வேண்டும் என்று விவரமாக எழுதி, ஒரு படமும் வரைந்து அனுப்பினோம். அங்கே மூங்கிலுக்குப் பதிலாக வில்லோச் சிம்புகளால் பின்னிய கூடையொன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆப்பிள் பெட்டிகள் வேறு அறைக்குப் போய்விட்டன.